வைட்ஃபீல்ட்: ஒரு மெட்ராஸ்காரர் போட்ட வட்டம்

ஊரிலிருந்து யாராவது "எங்கப்பா இருக்கே இப்போ?" என்று கேட்டால் "பெங்களூர்" என்பேன். பெங்களூரிலேயே யாராவது கேட்டால் "வைட்ஃபீல்ட்" என்பேன். முதல் பதிலுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். இரண்டாவதற்கு "அய்யோ பாவம்" என்ற பார்வைதான்! ஜெயநகர், மல்லேஸ்வரம் ஆசாமிகளைப் பொறுத்தவரை வைட்ஃபீல்ட் என்பது பெங்களூரே இல்லை. ஆந்திராவுக்குப் போகிற வழியில் இருக்கும் ஏதோ ஒரு ஊர். "அங்கே என்ன சார் இருக்கு? கண்ணாடி பில்டிங்கும் தண்ணி லாரியும்தான்" என்று என் பழைய மேனேஜர் சொல்வார்.

2006-ல் இங்கே வந்தேன். மெஜஸ்டிக்கிலிருந்து 335ஈ பஸ் பிடித்தால் கே.ஆர்.புரம் அல்லது மாரத்தஹள்ளி நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் திருப்பத்தூரே போய்விடலாம் போல இருக்கும். அந்த பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் படித்த போர்டுகள்தான் இந்த ஊர் மேல் எனக்கு ஆர்வத்தைக் கிளப்பின. ஹோப் ஃபார்ம் என்று ஒரு ஸ்டாப், சுற்றி எங்கும் பண்ணையைக் காணோம். இன்னர் சர்க்கிள் என்று ஒரு இடம். நல்லூரஹள்ளி என்று ஒரு ஊர்; நல்லூரும் ஹள்ளியும் ஒன்றாக, ஒரே பெயருக்குள் இரண்டு ஊர்! பட்டந்தூர் அக்ரஹாரா என்று ஒன்று. இவை எல்லாம் ஐ.டி. கம்பெனிகள் வைத்த பெயர்கள் இல்லை என்று மட்டும் புரிந்தது.

பலரும் நினைப்பது போல வைட்ஃபீல்ட் என்பது வெள்ளைக்காரர்கள் இருந்ததால் வந்த பெயர் இல்லை. வெள்ளை வயலும் இல்லை. வைட் என்பது ஒரு மனிதரின் பெயர். டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட். சுருக்கமாக டி.எஸ்.வைட். இதில் நமக்குச் சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அவர் ஒரு மெட்ராஸ்காரர். மெட்ராஸ் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பெங்களூரின் கிழக்கு மூலையில் இன்று குப்பை கொட்டும் தமிழர்களுக்கெல்லாம் முன்னோடி என்று அவரைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வைட் அந்தக் காலத்தில் யூரேஷியன் என்று அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலோ இந்தியன் என்ற சொல் அப்போது இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களைக் குறித்தது. கலப்பு வம்சத்தவருக்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1911 சென்சஸ் சமயத்தில்தான். அந்த மக்களின் நிலைமை ரொம்பச் சங்கடமானது. வெள்ளைக்காரன் கிளப்பில் இடம் கிடையாது. இந்தியர்கள் நடுவிலும் இடம் கிடையாது. இருந்த ஒரே பிடிமானம் ரயில்வே, தந்தி, சுங்கம் மாதிரியான சர்க்கார் வேலைகள். 1870-களில் அதற்கும் போட்டி வந்துவிட்டது. கும்பகோணத்திலும் சென்னையிலும் இங்கிலீஷ் படித்து வெளியே வந்த நம்ம ஆட்கள் குறைந்த சம்பளத்துக்கு குமாஸ்தா வேலைக்குத் தயாராக இருந்தார்கள். (ஆட்டோமேஷன், அவுட்சோர்சிங் என்று இன்று நாம் புலம்புவதற்குச் சற்றும் குறைந்ததல்ல அவர்கள் புலம்பல்.)

1879-ல் மெட்ராஸில் யூரேஷியன் மற்றும் ஆங்கிலோ இந்தியன் சங்கம் தொடங்கியபோது வைட் அதை முன்னின்று நடத்தினார். அவர் யோசனை எளிமையானது. சர்க்கார் சம்பளத்தை நம்பி ஒரு சமூகமே எத்தனை நாள் ஓட்டும்? நிலம் வேண்டும். சொந்தமாக விவசாயம் செய்ய வேண்டும். வேர் பிடிக்க வேண்டும். இதே வைட் 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டு பேசியிருக்கிறார். தன் மக்கள் பிரிட்டிஷ்காரன் பக்கம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவர் இல்லை.

நிலம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார். காலத்தைக் கவனியுங்கள். 1831-லிருந்து ஐம்பது வருஷம் மைசூரைக் கமிஷனர்கள் ஆண்டபிறகு, 1881-ல்தான் ஆட்சி மறுபடி ராஜ குடும்பத்துக்கு வந்தது. முதல் திவான் ரங்காச்சார்லு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1876-78 பெரும் பஞ்சத்தில் மைசூர் ராஜ்யத்தில் சுமார் ஐந்தில் ஒருவர் செத்துப்போயிருந்தார்கள். உழ ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் யாராவது குடியேறுகிறேன் என்று வந்தால் எந்த சர்க்காரும் வேண்டாம் என்று சொல்லாது. 1882-ல் சுமார் 3,900 ஏக்கர் மைசூர்-குடகு யூரேஷியன் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. அதில் முக்கியக் குடியிருப்புக்கு வைட் பெயர். இன்னொன்று கிளென் கார்டன், அப்போதைய பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் கார்டன் பெயரில். மூன்றாவது சாஸ்மண்ட். கடைசி இரண்டையும் இன்று யாரிடம் கேட்டாலும் தெரியாது.

நடுவில் ஒரு பச்சைப் புல்வெளி. அதைச் சுற்றி வட்டமாக ஒரு தெரு. தெருவைப் பார்த்தபடி வீடுகள். அதற்கு வெளியே இன்னொரு வட்டம். வட்டத்திலிருந்து விசிறி மாதிரி விரியும் தோட்டங்கள். இதுதான் வைட்ஃபீல்டின் வரைபடம். நகரமும் கிராமமும் கலந்த தோட்ட நகரம் என்ற யோசனைக்கு உலகம் பூரா பெயர் வாங்கியவர் எபனேசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். வட்டம் வட்டமாகப் படம் போட்ட அவர் புத்தகம் 1898-ல்தான் வந்தது. அவர் கொள்கைப்படி எழுந்த லெட்ச்வொர்த் நகரம் 1903-ல். காடுகோடி பக்கத்துப் பொட்டல் வெளியில் அதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே வட்டம் போட்டாகிவிட்டது. இதற்காக நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் டவுன் பிளானிங் பாடத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்!

ரயில் வேறு பக்கத்தில். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864-லேயே ரயில் வந்துவிட்டது. விளைந்ததை ஏற்றி தண்டில் விற்கலாம் என்று கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, உழுவதற்குத்தான் ஆள் பொருந்தவில்லை. தந்தி அடித்தவனும் டிக்கெட் கிழித்தவனும் குடும்பத்தோடு வந்து செம்மண்ணில் ஏர் பிடிக்க வேண்டும் என்பது வைட் கண்ட கனவு. வைட் 1889-ல் இறந்தார். குடியிருப்பு ஆரம்பித்து ஏழே வருஷம். அதன் பிறகு வைட்ஃபீல்ட் மெதுவாக ஓய்வு பெற்றவர்களின் ஊராக மாறியது. பிள்ளைகள் ரயில்வே வேலைக்குப் போவார்கள், அப்பா அம்மா பழ மரங்களோடும் கோழிகளோடும் இங்கே இருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில டஜன் வீடுகள்தான். 1880-களில் கட்டிய மெமோரியல் சர்ச் இன்னும் நிற்கிறது.

இந்த ஊரைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதினாலும் தவறாமல் வரும் ஒரு கதை உண்டு. வேவர்லி இன் என்ற விடுதியை நடத்திய ஹாமில்டனின் மகள் ரோஸைப் பார்க்க இளம் வின்ஸ்டன் சர்ச்சில் குதிரையில் வருவாராம். சர்ச்சில் 1896-லிருந்து பெங்களூரில் ராணுவ அதிகாரியாக இருந்தது நிஜம். பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதும் அவர்கள் பேரேட்டிலேயே இருக்கிறது. ரோஸ் கதைக்குத்தான் பேரேடு கிடையாது. காதல் கதையை விட 13 ரூபாய் கதைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, வைட் துரைக்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லையா? இருந்தது, அதுவும் எண்ணூறு வருஷத்துக்கும் மேலாக. காடுகோடி காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தது, 1043-ஆம் வருஷம். தமிழ்க் கல்வெட்டு. பட்டந்தூரில் ஏரி வெட்டி, மதகு அமைத்து, துர்கைக்கும் கணபதிக்கும் க்ஷேத்ரபாலருக்கும் கோயில் எடுத்த சேதியைச் சொல்கிறது. ராஜராஜன் காலத்தில் கங்கவாடி சோழர் கைக்கு வந்து, 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்தன் தலக்காட்டைப் பிடிக்கும்வரை இந்தப் பக்கமெல்லாம் சோழ நாடுதான். கோலார் பக்கத்துக்கு நிகரிலி சோழ மண்டலம் என்றே பெயர். டொம்லூர் சொக்கநாதர் கோயில் மாதிரி பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ரைஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைப் படியெடுத்து 1905-ல் பெங்களூர் மாவட்டத் தொகுதியாக அச்சிட்டார்.

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, இது எங்க ஊரு" என்று கிளம்புகிற ஆசாமிகளிடம் எனக்கு ஒத்துவராது. அதற்கும் முன்பு கங்கர்கள் ஆண்டார்கள். பேகூரில் பெங்களூரு என்ற பெயர் வரும் சுமார் 890-ஆம் வருஷத்துக் கல்வெட்டு கன்னடம். நான் பார்க்கும் விஷயம் வேறு. யார் ஆண்டாலும் முதலில் செய்தது ஏரி வெட்டியதுதான். மழையைப் பிடித்து வைக்காவிட்டால் இந்த மேட்டு நிலத்தில் குடியிருக்க முடியாது என்று 1043-ல் தெரிந்திருக்கிறது. அதே பட்டந்தூர் பெயரில் இன்று ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. மெட்ரோ படியிறங்கும் கூட்டத்தில் ஏரி எந்தத் திசை என்று தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ரயில்வே, தபால்தந்தி வேலைகளில் அவர்களுக்கு இருந்த இட ஒதுக்கீட்டை அரசியல் சட்டம் பத்து வருஷத்தில் படிப்படியாகக் குறைத்து முடித்தது. இங்கிலாந்து, கனடா, பிறகு ஆஸ்திரேலியா. பீகாரில் (இப்போது ஜார்க்கண்ட்) 1933-ல் மெக்லஸ்கி என்பவர் இதே கனவோடு தொடங்கிய மெக்லஸ்கிகஞ்சும் இப்படித்தான் காலியானது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முடிந்தன.

இன்னர் சர்க்கிளில் ஓட்டு வீடுகள் மிச்சம் இருந்த நாட்களில், ஒரு வயதான ஆன்ட்டியிடம் பேசியிருக்கிறேன். வாசலில் நின்று வேலைக்காரப் பெண்ணிடம் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன ஆன்ட்டி, தமிழ் பேசறீங்க?" என்றேன். "நாங்க எல்லாம் சின்ன வயசுலேந்து டமில்தான் மேன். ஆயா டமில், குக் டமில், பால்காரன் டமில்" என்றார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். "ஒண்ணு பெர்த்து, ஒண்ணு மெல்போர்ன். வா வான்னு கூப்பிடறான். போய் என்னா பண்றது? அங்கே நான் ஃபாரினர் மேன்" என்றார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அந்த இடத்தில் நாலு மாடிக்குச் சாரம் கட்டியிருந்தது.

அடுத்து வந்தது ஆன்மிகம், அதற்கடுத்து ஐ.டி. 1960-களில் சத்ய சாய் பாபாவின் பிருந்தாவன் ஆசிரமம் காடுகோடியில் வந்தது. 2001-ல் அதன் தொடர்ச்சியாக, கட்டணம் வாங்காத பெரிய மருத்துவமனை. 1994-ல் சிங்கப்பூரும் கர்நாடக அரசும் டாட்டாவும் சேர்ந்து டெக் பார்க் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 69 ஏக்கர், தனி மின்நிலையம். வெளியே கரண்ட் போனாலும் உள்ளே போகாது! மாஸ்கோ பக்கத்தில் ஜெலனோகிராடு என்று ஒரு துணை நகரம் உண்டு. 1958-ல் சோவியத் அரசு காட்டுக்கு நடுவில் கட்ட ஆரம்பித்தது, பிறகு அதை மின்னணு ஆராய்ச்சிக்கென்று மாற்றியது. முதலில் வீடு, பள்ளிக்கூடம், ரோடு, பிறகு ஆட்கள். இங்கே நேர் தலைகீழ். முதலில் ஆட்கள், பிறகு வீடு, அதற்கப்புறம் ரோடு, கடைசியில் மெட்ரோ. கே.ஆர்.புரத்திலிருந்து காடுகோடி வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2023 மார்ச்சில். டெக் பார்க் ஒப்பந்தம் ஆகி 29 வருஷம் கழித்து.

அந்த 29 வருஷமும் ஒழுங்காக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது பழைய மெட்ராஸ் ரயில் பாதைதான். அதில் வருகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் போன நம் மக்கள், பெரும்பாலும் தலித்துகள், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கித் தங்கம் எடுத்தார்கள். சிவசமுத்திரத்திலிருந்து காவேரி மின்சாரம் 1902-லேயே அங்கே போய்விட்டது, பெங்களூருக்குப் பிறகுதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டிடங்கள் மளமளவென்று எழுந்த அதே வருஷங்கள். அன்றிலிருந்து மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் ஸ்டேஷன்களில் விடியற்காலையில் ஏறும் ஆயிரக்கணக்கானவர்கள் பங்காருப்பேட்டை வழியாக வந்து வைட்ஃபீல்டிலும் கே.ஆர்.புரத்திலும் இறங்கி, செக்யூரிட்டியாகவும் ஹவுஸ்கீப்பிங்காகவும் டேட்டா என்ட்ரியாகவும் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள்.

பிளாட்பாரத்தில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என் போன் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"திருக்கோவிலூர்மா. நீங்க?"

"கேஜிஎஃப்பு. எங்க பாட்டன் காலத்துலயே வந்துட்டோம். அதுக்கு முன்னாடி குடியாத்தம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல."

"டெய்லி வந்து போறது கஷ்டமா இல்லையா?"

"எங்க வீட்டுக்காரரு டெய்லி பூமிக்குள்ள போயி வந்தாரு. நான் ரயில்லதானே வரேன்" என்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் பூக்கட்டிக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டு ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

இனி தண்ணீர். இதைச் சொல்லாமல் வைட்ஃபீல்ட் வரலாறு எழுதினால் அது பில்டர் பிரசுரம் மாதிரி ஆகிவிடும். சுற்றியிருந்த 110 கிராமங்கள் 2007-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன, ஆனால் காவேரிக் குழாய் உடனே வரவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் வருஷக்கணக்காக லாரித் தண்ணீர். போர்வெல் ரோடு என்றே ஒரு ரோடு இருக்கும் ஊரில்! 110 கிராமங்களுக்கான காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அந்த வருஷக் கோடையில் லாரிக்கு வரிசையில் நின்றதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காவேரி என்றவுடன் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிவயிற்றில் ஒரு சின்னக் கலக்கம் வரும். 1991 டிசம்பரை இங்கே இருந்த பெரியவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டு பஸ்கள் வரிசையாக எரிந்ததை நான் டிவியில் பார்த்தேன், என் விழுப்புரம் ரிஜிஸ்ட்ரேஷன் வண்டி கீழே பேஸ்மெண்டில் இருந்தது. அன்று சாயந்திரம் மேல்வீட்டு கன்னடக்காரர் தன் காரின் கவரைக் கொண்டுவந்து, "நம்பர் பிளேட் தெரியக்கூடாது, எதுக்கு ரிஸ்க்" என்று அவரே போர்த்திவிட்டார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கும் சேர்த்து பால் வாங்கி வந்தார்.

வருகிற தண்ணீரைப் பற்றி இத்தனை சண்டை. போகிற தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. பெங்களூரின் பாதிச் சாக்கடை பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வைட்ஃபீல்டுக்குத் தெற்கே வர்த்தூர் ஏரிக்கும் வருகிறது. ஏரி நிரம்பி வழியும் இடத்துக்குக் கன்னடத்தில் கோடி என்று பெயர். நாம் கலிங்கு என்போம். அந்த வர்த்தூர் கோடியில் 2015-ல் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை எழுந்து காற்றில் பறந்து ரோட்டில் போகிறவர்கள் மேல் விழுந்தது. பெள்ளந்தூர் ஏரி சில தடவை தீப்பிடித்தே எரிந்தது. ஏரி எரிவதை நம் பாட்டிகளிடம் சொன்னால் நம்புவார்களா?

வர்த்தூரிலிருந்து வழியும் தண்ணீர் தட்சிண பினாகினியில் சேர்கிறது. நந்தி மலையில் பிறந்து ஹொஸ்கோட்டே, காடுகோடிக்குக் கிழக்கே இறங்கி வரும் ஆறு. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் அதன் பெயர் தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், பிறகு எங்கள் திருக்கோவிலூர், கடைசியில் கடலூர். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சாமிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் இறங்குவோமே, அதே ஆறு. கெலவரப்பள்ளி மதகில் நுரை பொங்கும் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் அப்பா போன் செய்வார். "என்னடா, உங்க ஊர்க்காரங்க சோப்புத் தண்ணிய இங்க அனுப்பறாங்களாமே?" என்பார். உங்க ஊர்க்காரங்க! நான் இங்கே வாஷிங் மெஷினைப் போடுகிறேன், அது நான் பிறந்த ஊரைப் பார்க்கக் கிளம்புகிறது. 2018-லிருந்து இந்தக் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். காய்ந்து கிடந்த கோலார் ஏரிகளில் தண்ணீர் நிற்பது நல்லதுதான். எந்த அளவுக்குச் சுத்தம் செய்கிறார்கள் என்ற வாதம் அங்கேயும் ஓய்ந்தபாடில்லை.

இங்கே இருக்கும் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகளோடு போக விரும்பினால் வழி சொல்கிறேன். மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் காடுகோடி. இறங்கி முதலில் காசி விஸ்வேஸ்வரர் கோயில், கல்வெட்டைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், சில எழுத்துகள் அவர்களுக்கே பிடிபடும். பிறகு ஆட்டோவில் இன்னர் சர்க்கிள், மீட்டர் போடமாட்டார், முன்பே பேசிக்கொள்ளுங்கள். வட்டத்தை நடந்தே ஒரு சுற்று வரலாம், கால் மணி நேரம் போதும். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் வண்டிகள் வந்துவிடும்.